ஒரு ஹங்கேரியச் சிற்றூரின் வரலாற்றையும் மக்களையும் தேடிப் படிப்பது எப்படி?

முந்நூறு பேர் வாழும் ஓர் ஊருக்குத் தனி வரலாற்று நூல் இருப்பது அரிது. ஆனால் ஹங்கேரியில் எந்தச் சிற்றூருக்கும் பதிவேடுகளும் வரைபடங்களும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையை அறிந்தால், அந்த ஊரின் குடும்பங்களை நாமே அடையாளம் காண முடியும்.

முதலில் ஊரின் அமைப்பைப் பாருங்கள். நோக்ராட் மாவட்டத்தில் உள்ள ஹொல்லோக்கோவை எடுத்துக்கொள்வோம். ‘காக்கைக் கல்’ என்று பொருள்படும் இப்பெயர், 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் குன்றின்மேல் எழுந்த கோட்டையோடு தொடர்புடையது. இங்கு வாழும், ஹங்கேரியரின் ஒரு பிரிவினரான பலோட்ஸ் மக்கள், தெருவை ஒட்டி முதல் வீட்டைக் கட்டி, பிள்ளைகள் தலையெடுத்தபின் அதே மனையில் பின்னால் அடுத்தடுத்த வீடுகளை எழுப்பினார்கள். ஆகவே ஒரு நீள மனையைப் பார்ப்பது ஒரு குடும்பத்தின் சில தலைமுறைகளைப் பார்ப்பதற்குச் சமம். 1909இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின்னும் வீடுகள் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டன. 1987இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. 1780களில், அன்று ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபினரின் படையினர் வரைந்த முதல் இராணுவ வரைபடங்களை ஆர்க்கானம் நிறுவனத்தின் இணையதளத்தில் இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது பதிவேடுகள். அரசுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1895 அக்டோபர் 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முந்தையவை தேவாலயங்கள் போன்ற மத அமைப்புகளின் கையில் இருந்தவை. பல சிற்றூர்களுக்குச் சொந்தப் பங்கு (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதி) இல்லாததால், பக்கத்து ஊரின் பதிவேட்டில்தான் அவ்வூர் மக்கள் இடம்பெற்றிருப்பார்கள்; எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே உறுதிசெய்யாவிட்டால் பல நாள் உழைப்பு வீணாகும். இப்பதிவேடுகளில் பலவற்றின் படிமங்களை ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேட்டைப் பொறுமையாகப் படியுங்கள். இந்த வேலையின் உயிர்நாடி அதுதான். பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும்: யோசெஃபுஸ் என்றால் யோஷெஃப், ஸ்டெஃபானுஸ் என்றால் இஷ்ட்வான். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவர்கள். கோவாச் யானோஷ் என்பதில் கோவாச் என்பதே குடும்பப் பெயர், பொருள் கொல்லர். மோல்நார் என்றால் மாவு ஆலைக்காரர், சபோ என்றால் தையற்காரர், தோத் என்றால் ஸ்லோவாக்கியர். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு யானோஷ்கள் இருப்பது சாதாரணம் என்பதால், வீட்டு எண்ணையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரின் பெயர்கள் உள்ள பத்தியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். அது பெரும் இழப்பு. யார் யார் வீட்டுக்கு நெருக்கம், எந்த இரு குடும்பங்கள் தலைமுறைகளாக ஞானப் பெற்றோராக ஒன்றையொன்று அழைத்துக்கொண்டன என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

20ஆம் நூற்றாண்டைப் படிக்கும்போது ஒரு குடும்பம் திடீரென்று காணாமல் போனால், காரணத்தை ஊருக்கு வெளியே தேட வேண்டும். 1944இல் யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். 1946 முதல் 1948 வரை ஜெர்மன் மொழி பேசியோர் வெளியேற்றப்பட்டார்கள். முதல் உலகப்போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லையைச் சுருக்கிய 1920இன் திரியானோன் உடன்படிக்கைக்குப் பின் எல்லைக்கு அப்பால் போன ஊர்களின் பதிவுகள் ஸ்லோவாக்கியா, ருமேனியா போன்ற நாடுகளின் ஆவணக் காப்பகங்களில் இருக்கும், ஊர்ப்பெயரும் மாறியிருக்கும்.

நேரில் செல்ல வாய்ப்பிருந்தால், கல்லறைத் தோட்டத்துக்கும் முதல் உலகப்போர் நினைவுக் கல்லுக்கும் செல்லுங்கள். கல்லில் பொறித்த பெயர்களை எழுதிக்கொண்டு வந்து 1890களின் பிறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். 1895இல் பிறந்த ஒரு பையனுக்கு 1914இல் பத்தொன்பது வயது. அவன் பிறந்த வீட்டின் எண்ணும், அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயின் பெயரும் உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கும்.