மூன்றாவது சிலிண்டர் மட்டும் குளிர்ந்தே இருந்த கதை

வீட்டுப் பட்டறையில் கட்டிய ஆர்வி-9ஏ சிறு விமானம், லைகமிங் ஓ-320 நான்கு சிலிண்டர் எஞ்சின். தரையில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று சிலிண்டர் தலைகள் 370 ஃபாரன்ஹீட் பக்கம் காட்ட, மூன்றாவது மட்டும் 300.

முதலில், குளிர்விக்கும் காற்றைச் சிலிண்டர்கள் மேல் திருப்பிவிடும் தடுப்புத் தகடுகளைச் சந்தேகப்பட்டு இடுக்குகளை எல்லாம் சிலிகோன் பசை வைத்து அடைத்தேன், இரண்டு நாள் போனது, பலன் இல்லை. அப்புறம் மூன்றாவதின் வெப்பநிலை சென்சாரை ஒன்றாம் சிலிண்டருக்கும், அதனுடையதை இதற்கும் மாற்றினேன். அப்போதும் மூன்றுதான் குறைவு. டிஸ்ப்ளே பக்கம் சேனலை மாற்றியதும் குறை வயரோடு கூடவே போனது.

கவனிக்க வேண்டியது இதுதான்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நான்கும் ஒரே அளவு. எஞ்சினை நிறுத்திய பிறகு, மூடிக்குள் சூடு தேங்கத் தேங்க, இடைவெளி இன்னும் கூடியது. சென்சார் கெட்டிருந்தால் இப்படி நடக்காது.

சரி என்று ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு வயரின் நுனியிலும் வைத்தேன். இந்த சென்சார்கள் ஜே வகைத் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோக வயர்களை இணைத்து வெப்பத்தை அளப்பவை. அதில் வெள்ளை வயர் இரும்பு, ஒட்ட வேண்டும். மூன்றாவதில் சென்சாரை ஒட்டிய பகுதி ஒட்டியது, நான் நீட்டித்த பகுதி ஒட்டவில்லை. அது சாதாரணச் செம்பு வயர். செம்பு சேரும் இடம் எஞ்சின் பக்கம் இருந்தால், அந்த இணைப்பு டிஸ்ப்ளே பக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறதோ அதற்கேற்ப அளவீடு குறையும்.

ஜே வகை வயரையே போட்டு நீட்டினேன், அமெரிக்க நிற முறையில் சிவப்புதான் மைனஸ் என்பதைப் பார்த்து. இப்போது நான்கும் பத்து டிகிரிக்குள் நிற்கின்றன, பெரிய நிம்மதி.