ஆஸ்பத்திரிக்குப் பணம் யார் தருகிறார்கள்? நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் சில விஷயங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் எந்த நேரம் ஏறினாலும், மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு அங்குள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். போன மாதம் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, முள்ளோடை தாண்டியதும் கேட்டார்: "தம்பி, நம்மூர்லயும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், அங்கயும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். ஒரே கவர்மெண்டு ஏன் ரெண்டு மாதிரி நடத்துது?"

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தெரிந்தவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். அந்த அம்மா கேட்டதில்தான் முதல் தவறு இருக்கிறது, படித்தவர்களும் அதைச் செய்கிறார்கள். 'கவர்மெண்ட்' ஒன்று அல்ல. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை தமிழ்நாடு அரசுடையது. புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை புதுச்சேரி அரசுடையது. ஜிப்மர் இந்த இரண்டு அரசுகளுக்கும் சொந்தமில்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் அதன் கதை ஆரம்பிக்கிறது. 1964-ல் ஜிப்மர் ஆனது, 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதற்கான பணம் டெல்லியில் உள்ள சுகாதார அமைச்சகத்திலிருந்து நேராக வருகிறது. மூன்று கட்டடம், மூன்று கஜானா.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் கல்வியும் குடும்ப நலமும் பொதுப் பட்டியலில். அதனால்தான் நாட்டில் அரசுகள் மருத்துவத்துக்குச் செய்யும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. 2019-20-க்கான தேசிய சுகாதாரக் கணக்கில் மாநிலங்களின் பங்கு 64.2 சதவீதம். 'எல்லாம் டெல்லி பணம்' என்று டீக்கடையில் யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். 'டெல்லி ஒன்றுமே தருவதில்லை' என்று சொல்பவருக்கும் இதே எண்தான் பதில்.

அடுத்தது 60:40. அதிகமான பேர் தடுமாறும் இடம் இது. "மத்திய அரசு 60 பைசா தருது, நாம 40 பைசா போடறோம்" என்பார்கள். எதில் 60 என்று யாரும் கேட்பதில்லை. ஊழியர்கள் என்.ஹெச்.எம். என்று சொல்லும் தேசிய நலவாழ்வு இயக்கம் போன்ற கூட்டுத் திட்டங்களில் மட்டும்தான் அந்தக் கணக்கு. மாநிலம் ஒரு திட்டத்தைத் தயாரித்து அனுப்பும். டெல்லியில் உட்கார்ந்து எந்தப் பணியிடம், எத்தனை பேர், எந்தக் கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள். அப்படி ஒப்புதலான தொகையில்தான் 60-க்கு 40. நிரந்தர டாக்டருடைய சம்பளம், தலைமை மருத்துவமனையின் கரண்ட் பில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் மருந்தில் பெரும்பகுதி, இவையெல்லாம் மாநில பட்ஜெட்டில் சுகாதாரத் துறைக்கான 19-ஆம் எண் மானியக் கோரிக்கையில் வருபவை. அங்கே 60:40 என்ற பேச்சே கிடையாது.

இந்த விகிதம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இந்த இயக்கத்தின் முன்னோடியாக 2005-ல் தொடங்கிய ஊரகத் திட்டத்தில் ஒரு கட்டத்தில் 85:15, அப்புறம் 75:25, 2015-16 முதல் 60:40. மலைப்பகுதி, வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் 90:10. அதே 2015-ல், மத்திய வரிகளை மாநிலங்களோடு பங்கிட வழி சொல்லும் 14-ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்த்தியது. 'கையில் கூடுதலாகத் தருகிறோம், திட்டத்தில் உங்கள் பங்கைக் கூட்டுங்கள்' என்பது டெல்லி சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பங்கிடும் தொகுப்பு பெரிதானபோது அதற்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.969 சதவீதத்திலிருந்து 4.023 ஆகக் குறைந்தது. 15-ஆவது குழுவிலும் 4.079-தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையில்லை என்பது என் கருத்து.

வரிப் பங்கை 'மத்திய அரசு கொடுத்த உதவி' என்று எழுதுவதும் தவறு. அது நிதிக்குழு வகுத்தபடி மாநிலங்களுக்குச் சேர வேண்டிய பங்கு. அதில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது சென்னை. திட்டப் பணம் வேறு மாதிரி. எதற்கு ஒதுக்கினார்களோ அதற்குத்தான் செலவு செய்யலாம்.

வருமான வரியோடு 4 சதவீதம் 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்' பிடிக்கிறார்கள் அல்லவா? பெயரைப் பார்த்து நம்மூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு வரும் என்று நினைத்துவிடுகிறோம். செஸ், சர்சார்ஜ் என்ற இந்த மேல்வரிகள் இரண்டுமே மாநிலங்களுக்குப் பங்கிடும் தொகுப்பில் சேராது. மாநிலத்துக்கு வந்தாலும் ஒன்றிய அரசின் திட்டம் வழியாக, அதன் நிபந்தனையோடுதான் வரும்.

இனி, எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்று. என் தங்கை மகள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்.ஹெச்.எம். ஒப்பந்த நர்ஸ். ஒரு தடவை இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. "மாமா, நீங்க வந்து டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள். நானும் கோபத்தோடு போய் நின்றேன். அந்த டாக்டர் பொறுமையாக உட்காரவைத்து, "ஐயா, இவங்க சம்பளத்துல கையெழுத்து மட்டும்தான் என்னோடது" என்றார். கருவூலத்தில் அத்தனை வருஷம் இருந்த எனக்கே அது அன்றுதான் உறைத்தது. பட்ஜெட்டில் ஒதுக்கிய பணமும் கைக்கு வந்த பணமும் ஒன்றல்ல. டெல்லி தவணை தவணையாக விடுவிக்கும். முன்பு அது நேராக, இந்த இயக்கத்தை மாநிலத்தில் நடத்தும் மாநில நலவாழ்வுச் சங்கத்தின் கணக்குக்குப் போனது. 2014-15 முதல் மாநிலக் கருவூலம் வழியாகப் போகிறது. கருவூலம் தன் 40 பங்கைச் சேர்த்து அனுப்ப வேண்டும். முந்தின தவணையைச் செலவழித்ததற்குப் பயனீட்டுச் சான்றிதழ் போக வேண்டும். 2021 முதல் ஒரு திட்டத்துக்கு ஒரே கணக்கு என்ற முறையும் வந்தது. இதில் எந்தக் கண்ணி தாமதமானாலும் கடைசியில் அடிபடுவது ஒப்பந்த ஊழியர்தான். இப்படித் தேங்கினால் 'பணம் வந்துவிட்டதா?' என்று கேட்காதீர்கள். டெல்லி விடுவித்த தேதி, கருவூலம் அனுப்பிய தேதி, மாவட்டத்துக்கு வந்த தேதி என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். செய்தித்தாளில் 'இத்தனை கோடி ஒதுக்கீடு' என்று படித்தால், அடுத்த வருஷ பட்ஜெட்டில் அதே இனத்துக்குத் திருத்திய மதிப்பீடு எவ்வளவு, அதற்கடுத்த வருஷம் உண்மையான செலவு எவ்வளவு என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

புதுச்சேரிக்காரர்கள் செய்யும் தவறு வேறு. சட்டமன்றமும் முதலமைச்சரும் இருப்பதால் மாநிலம் போலவே பணம் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. நிதிக்குழு மாநிலங்களுக்குத்தான். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்த வரிப் பங்கு அதற்குக் கிடையாது. டெல்லியிடமிருந்து வருவது உள்துறை அமைச்சகத்தின் பட்ஜெட் வழியாக மானியமாக வருகிறது. எவ்வளவு என்பதை வருஷா வருஷம் டெல்லி முடிவு செய்யும். சரி, யூனியன் பிரதேசம்தானே, திட்டங்களுக்காவது முழுப் பணம் தருவார்களா என்றால் அதுவும் இல்லை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்குத்தான் 100 சதவீதம். சட்டமன்றம் உள்ள புதுச்சேரிக்கு மாநிலங்களைப் போல 60:40. வரிப் பங்கு என்றால் யூனியன் பிரதேசம், திட்டச் செலவு என்றால் மாநிலம். இந்த இரட்டை நிலை புதுச்சேரி மக்களுக்கு நியாயமாகப் படவில்லை, எனக்கும்தான்.

காப்பீட்டு அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. அட்டையில் இரண்டு பெயரும் இருப்பதால் எல்லாக் குடும்பத்துக்கும் டெல்லி 60 தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை வைத்து டெல்லி தகுதியாகச் சேர்த்தவர்களுக்கு மட்டுமே, அதுவும் ஒரு உச்சவரம்புக்குள் பங்கு வருகிறது. மாநிலம் கூடுதலாகச் சேர்த்த குடும்பங்களின் பிரீமியம் முழுக்க மாநிலத்துடையது.

'வெளிநாட்டில் மத்திய அரசே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது' என்று கனடாவைக் காட்டுகிறார்கள். அங்கேயும் மருத்துவ சேவையை நடத்துவது மாகாணங்கள்தான். ஒட்டாவா தலைக்கு இவ்வளவு என்று நிதி மாற்றித் தருகிறது. நோயாளியிடம் டாக்டர் கூடுதல் கட்டணம் வாங்க மாகாணம் விட்டால், 1984 சட்டப்படி அந்த அளவு நிதியைப் பிடித்தம் செய்கிறது. நம்முடைய திட்ட நிதி போல ஒவ்வொரு பணியிடத்துக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக மனு எழுதுபவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் பற்றி என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கும் கடலூர் தலைமை மருத்துவமனைக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர். சிதம்பரத்தில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஜிப்மர் ஒன்றிய அரசு நிறுவனம் என்பதால் அங்கே அந்த ஸ்டாம்ப் செல்லாது. தபால் ஆபீசில் 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைத்து அனுப்புங்கள்.