பிக்கப்ல ட்வீட்டர் எங்க வைக்கிறது, நான் பட்ட பாடு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் லோடு அடிக்கிற வண்டி, ராத்திரி தூக்கம் வராம இருக்க பாட்டுதான் துணை. போன மாசம் ஒரு ஜோடி ட்வீட்டர் (கீச்சுனு வர்ற மேல் சத்தத்துக்குன்னே இருக்குற குட்டி ஸ்பீக்கர்) வாங்கி மாட்டக் குடுத்தேன், கடைக்கார தம்பி டோர் பேட்ல கீழ, ஸ்பீக்கர் பக்கத்துலயே ஓட்டை போட்டு வச்சுட்டாப்ல. பாக்க அம்சமா இருந்துச்சு ஆனா உக்காந்தா முட்டி மறைக்குது, சத்தமே மேல ஏறல. ட்வீட்டர் சத்தம் டார்ச் லைட் மாதிரிங்க, எங்க பாக்குதோ அங்கதான் போகும்.

சரின்னு கழட்டி டேஷ்போர்டு மூலைல கண்ணாடிய பாத்து வச்சேன், அது கண்ணாடில மோதி காதுல ஊசி குத்துற மாதிரி ஆயிருச்சு, "ஸ்" வர்ற எழுத்தெல்லாம் சீறுது.

அப்புறந்தான் புத்தி வந்து டபுள் டேப் வாங்கி ஒவ்வொரு இடமா ஒட்டி ஒட்டி, ஒரே பாட்ட பத்து தடவ கேட்டேன் (கிளீனர் பையன் கையெடுத்து கும்பிட்டுட்டான்). கடைசில சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்குற முக்கோண பிளாஸ்டிக்தான் செட் ஆச்சு. டிரைவர் சைடு ட்வீட்டர் காதுக்கு ரொம்ப கிட்ட இருக்குறதால அத நேரா என்னைய பாக்க வைக்காம, ரெண்டையும் கேபின் நடுவுல இருக்குற லைட்ட பாத்து திருப்பிட்டேன். ட்வீட்டருக்கு பேஸ் (டம் டம்னு வர்ற அடி சத்தம்) போகாம தடுக்குற 4.7 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வயர்லயே இருந்துச்சு, அத வெட்டிறாதீங்க, பேஸ் ஏறி ட்வீட்டர் உள்ள இருக்குற காயில் கருகிரும்.

டோர்ல போட்ட ஓட்டைக்கு மட்டும் இன்னும் மூடி கிடைக்கல.