ஐந்து பேர், ஆறு மாதம், ஒரே ஒரு வேலை: இளம் நூலகர்களுக்கான குழுத் திட்டம் நடத்துவது எப்படி

நான் பொறுப்பேற்று நடத்திய முதல் குழுத் திட்டத்தின் முடிவில் கையில் கிடைத்தது 74 பக்க அறிக்கை. வாசகர் தேவைகள் பற்றியது. ஆறு இளம் நூலகர்கள் எட்டு மாதம் உழைத்திருந்தார்கள். அட்டவணை, வரைபடம், பின்னிணைப்பு எல்லாம் அழகாக இருந்தன. கூட்டம் போட்டு வாங்கிக்கொண்டோம், கைதட்டினோம். ஒரு வருடம் கழித்து, பழைய நூல்களைக் கழிப்பதற்காக ஒரு அலமாரியை ஒதுக்கியபோது, அந்த அறிக்கை உறைகூடப் பிரிக்கப்படாமல் அகப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர்தான் எடுத்துக் கொடுத்தார். "இதையும் கழிச்சிடலாமா மேடம்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிழை அவர்கள் மேல் இல்லை. அந்த அறிக்கைக்காக யாருமே காத்திருக்கவில்லை. வேலையைத் தேர்ந்தெடுத்தது நான். அதற்கப்புறம் ஒன்பது குழுக்களை நடத்திவிட்டேன். இப்போது ஒரு திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது முடியாவிட்டால் யார் வந்து சத்தம் போடுவார்கள்?" பதிலாக ஒரு ஆளின் பெயர் வராவிட்டால் அந்த வேலையை எடுப்பதில்லை.

பயிற்சி வகுப்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கமும், அவற்றின் விவரங்களைப் பதியும் பட்டியலாக்கமும் படிப்பிலேயே வந்துவிடுகின்றன. தன் கீழ் இல்லாத ஒரு பிரிவிடம் போய், அதிகாரம் எதுவும் இல்லாமல் ஒரு வேலையை வாங்கிவருவதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. நூலகத்தில் தலைமை என்பது பெரும்பாலும் அதுதான். அமெரிக்க நூலகச் சங்கம் 2007 முதல் நடத்திவரும் எமர்ஜிங் லீடர்ஸ் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சமும் இதை ஒட்டியதே. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். சங்கத்தின் பிரிவுகளும் கிளைகளும் தங்களுக்குத் தேவையான வேலையைத் தாங்களே எழுதிக் கொடுக்கின்றன. சில மாதங்கள் கழித்து ஆண்டு மாநாட்டில் போஸ்டர் வைத்து விளக்க வேண்டும். வேலை, அதற்கொரு முதலாளி, முடிவு நாள் மூன்றும் முதல் நாளிலேயே தெரிந்துவிடுகின்றன.

எந்த வேலை?

முதலில் ஒரு கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், 24 வாரம் என்றால் மொத்தம் 240 மணி. வாரம் ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசினால் 120 மணி போய்விடும், பாதி. அதனால் கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். அப்போது வேலைக்கு 180 மணி மிஞ்சும். விடுப்பு, கவுண்டரில் ஆள் இல்லாத நாள், இருப்புச் சரிபார்ப்பு எல்லாம் போக 130 மணி கையில் நின்றால் நல்ல குழு. இந்த 130 மணியில் முடியாத எதையும் கொடுக்காதீர்கள்.

நூலக மென்பொருளை மாற்றுவது, இணையதளத்தைப் புதுப்பிப்பது இரண்டும் வேண்டாம். குழுவின் கையில் இல்லாத அனுமதிகள் பத்து வேண்டியிருக்கும், மூன்றாவது மாதத்தில் வேலை அப்படியே நின்றுவிடும். வாசகர் கருத்துக்கணிப்பு எல்லோருக்கும் பிடித்த வேலை. நான் அதைத் தடைசெய்தே விட்டேன். நல்ல வேலைகள் பார்க்கச் சின்னதாக இருக்கும். பட்டியலில் "அலமாரியில் உள்ளது" என்று காட்டியும் அங்கே இல்லாத நூல்களைத் தேடுவது, புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் மாதக் கையேடு எழுதுவது, குழந்தைகள் பகுதியைப் பொருள்வாரியாக அடுக்கிப் பார்ப்பது, இப்படி.

நான் கொடுத்தவற்றில் ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்த வேலை, தவணை கடந்த நூல்களுக்கு அனுப்பும் நினைவூட்டல்களைத் திருத்தி எழுதுவது. கவுண்டரில் தினமும் திட்டு வாங்கும் இரவல் பிரிவுப் பொறுப்பாளர்தான் கேட்டிருந்தார். குழு முதல் மாதம் எல்லாச் செய்திகளையும் திரட்டியது. 11 வகை கிடைத்தன. ஒன்றில் ஏழு நாள் அவகாசம், இன்னொன்றில் ஐந்து நாள். வாசகர் எப்போதோ திருப்பித் தந்துவிட்ட நூலுக்கும் "இறுதி எச்சரிக்கை" போயிருந்தது. எழுதுவது இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மிரட்டல் தொனியை எடுத்தால் அபராதம் வசூலாகாது என்றது கணக்குப் பிரிவு. எழுத்து எண்ணிக்கை கூடினால் குறுஞ்செய்தி இரண்டாக உடையும் என்றார் கணினிப் பிரிவுக்காரர். எழுத்துப்பிழையைத் தவிர வேறு எதிலும் கருத்தே சொல்லாத ஒரு பட்டியலாக்கக்காரப் பெண்தான் அந்தக் கட்டத்துக்குத் தலைவர். கணக்குப் பிரிவுக்குப் போய் வாதாடாமல், பழைய செய்திகளை அச்செடுத்து மேசையில் பரப்பி, "இதில் எதைப் பார்த்தால் நீங்கள் பணம் கட்ட வருவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் அவர்களே மூன்றைக் கிழித்துப் போட்டார்களாம். இதைத்தான் எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது என்றேன்.

ஆட்களைச் சேர்ப்பது

ஐந்து பேர் போதும். ஆறாவது ஆள் வந்ததும் ஒருவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்துப் பார்த்து 1913இல் வெளியிட்டது இதைத்தான். கயிற்றைப் பிடிக்கும் கைகள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது.

வேறுவேறு பிரிவுகளிலிருந்து எடுங்கள். ஒரே குழுவில் ஒருவரையும் அவருடைய நேரடி மேலதிகாரியையும் போடவே போடாதீர்கள், என்ன நட்பாக இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் "உங்கள் தலைமைப் பண்புகள் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். "வேலையில் உங்களைத் தினமும் எரிச்சலூட்டும் ஒரு விஷயம் எது, அதற்கு இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதிக்கு என்ன எழுதுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஆளை எடுக்கிறேன். ஒன்றும் செய்து பார்க்கவில்லை என்று நேர்மையாக எழுதியவரையும் எடுத்திருக்கிறேன், அவர் என்னை ஏமாற்றவில்லை.

ஒரு பக்கத் தாள்

முதல் கூட்டத்தில் குழுவே ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும்: யாருக்காகச் செய்கிறோம், என்ன கொடுப்போம், எப்போது, எவ்வளவு செலவழிக்கலாம், கருத்து வேறுபட்டால் கடைசி வார்த்தை யாருடையது. அதோடு எதைச் செய்யமாட்டோம் என்பதும். இந்தக் கடைசி வரிதான் நான்காவது மாதம் காப்பாற்றும். வேலை கேட்டவர் "அப்படியே இதையும் சேர்த்து..." என்று ஆரம்பிக்கும்போது அந்த வரியைக் காட்டலாம். தாளில் நூலகத் தலைவரின் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாமல் கிளம்பிய ஒரு குழுவை, "யார் சொல்லி வந்தீங்க?" என்று ஒரு பிரிவில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒரு விளையாட்டு. ஆறு மாதம் ஆகிவிட்டது, திட்டம் படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, காரணத்தை ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். நேரில் சொல்லக் கூசுவதெல்லாம் சீட்டில் வந்துவிடும். ஒருமுறை ஐந்தில் மூன்று சீட்டில் என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தது: "மேடம் எல்லாவற்றையும் திருத்துவார், தாமதமாகும்." உண்மைதான்.

தலைவர் யார்?

முழுத் திட்டத்துக்கும் ஒரே தலைவர் என்று இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். மற்ற நால்வரும் எழுத்தர்களாகிவிட்டார்கள். வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் ஒட்டுவதில்லை. கட்டத்துக்கு ஒருவர்தான் சரி. தகவல் திரட்டுவது ஒருவர் தலைமையில், மாதிரி தயாரிப்பது இன்னொருவர் தலைமையில், பரிசோதிப்பது, ஒப்படைப்பது என்று. ஐந்தாமவர் ஆறு மாதமும் கணக்கையும் காலக்கெடுவையும் பார்ப்பார். அது கீழான வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முகம் வாடிவிடும்.

கூட்டக் குறிப்புக்கு மூன்று தலைப்பு போதும்: முடிவு, யார், எந்தத் தேதிக்குள். அன்றே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்தின் தலைவர் வேலை கேட்டவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து வரியில் கடிதம் எழுத வேண்டும். என்ன முடிந்தது, எது தடங்கலாக நிற்கிறது, உங்களிடம் என்ன வேண்டும். கெட்ட செய்தியை மேலே எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முதல் கடிதத்தில் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்றுதான் இருக்கும். திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது மாதம் சண்டை வரும். சிறு குழுக்கள் கூடி, மோதி, வழிக்கு வந்து, பிறகே ஒழுங்காக வேலை செய்கின்றன என்று உளவியலாளர் டக்மன் 1965இலேயே வரிசைப்படுத்திவிட்டார். வாழ்க்கையில் வரிசை அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை, ஆனாலும் சண்டை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சூடு தணிகிறது.

வழிகாட்டி எங்கே உட்கார வேண்டும்?

கதவுக்கு வெளியே. நான் கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும்தான் போகிறேன். பழக எனக்கு மூன்று குழுக்கள் ஆயின. ஒருமுறை வேலை கேட்ட பிரிவோடு குழுவுக்கு உரசல். தலைவராக இருந்த பையன் எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்க வந்தான். நான் அவன் முன்னாலேயே போனை எடுத்து, இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டேன். "முடிஞ்சுது, போ" என்றேன். அதற்கப்புறம் அந்தக் குழு எந்தச் சிக்கலையும் நேராக என்னிடமே கொண்டுவந்தது. அவனை யாரும் கேட்கவே இல்லை. அந்த இரண்டு நிமிடத்தைத் திருப்பி வாங்க என்னால் முடியவில்லை.

குறுக்கே போக வேண்டிய இடங்களும் உண்டு. ஒருவரை மட்டம் தட்டிப் பேசும்போது. பணம் கைமாறும்போது. வாசகரின் தகவல் வெளியே கசியும்போது. ஒரு குழு, யார் என்ன நூல் எடுத்தார் என்ற பட்டியலைப் பெயரோடு இறக்கி வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டது. கெட்ட எண்ணமில்லை, அவசரம். அன்றே நிறுத்தி, அழிக்கச் சொல்லி, நடந்ததை மேலே எழுதித் தரவும் வைத்தேன். வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 2012இல் வெளியிட்ட நெறிமுறையே சொல்கிறது. தலைமைக்குப் பழகுகிறவர்கள் அதை ஆரம்பத்திலேயே படித்துவிட வேண்டும், வழிகாட்டி என்னைப் போல எல்லாம் நடந்த பிறகு நீட்டக் கூடாது.

ஒப்படைப்பு

கடைசி மாதம் முழுக்க இதற்குத்தான். எல்லோரும் கடைசி வாரம் என்று நினைப்பார்கள். நூலகம் வளரும் உயிரி என்று இந்திய நூலகவியலின் முன்னோடி ரங்கநாதன் 1931இல் எழுதினார். உயிர் உள்ளதற்குச் சோறு போட ஆள் வேண்டும். செய்துமுடித்ததை இனி யார் பார்த்துக்கொள்வார், கோப்பு எங்கே இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், எப்போது இதைத் தூக்கி எறியலாம் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். அப்புறம் ஒரு சோதனை. குழுவில் இல்லாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்து பார்க்க வேண்டும். குழு பக்கத்தில் நிற்கலாம், பேசக் கூடாது. முதல் ஐந்து நிமிடத்தில் தாளிலுள்ள ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும்.

பிறகு போஸ்டர் வைத்து விளக்கம். நீண்ட உரை வேண்டாம். பக்கத்தில் நின்று வருகிறவர் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். வேலை கேட்டவர் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கே விட்டுக்கொடுத்தாய், எங்கே விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது, உன் குழுவில் அடுத்து யாரிடம் பெரிய பொறுப்பைக் கொடுப்பாய்? கடைசிக் கேள்விக்கு ஐந்து பேரும் சொல்லும் பெயர், நான் மனதில் வைத்திருந்த பெயராக இருந்ததே இல்லை. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவர் கையிலும் நிஜமான பொறுப்பு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், சின்னதாக இருந்தாலும். பழக்கிவிட்டுப் பழைய நாற்காலியிலேயே உட்காரவைத்தால் வேறு நூலகத்துக்குப் போய்விடுவார்கள். எங்களிடமிருந்து இரண்டு பேர் போனார்கள்.

ஒப்படைத்த பிறகு ஆறாவது மாதத்தில் ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, செய்துவைத்தது உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நினைவூட்டல் வேலையை நான் அப்படிப் பார்க்கப் போன அன்று, ஒரு செய்தியில் "இறுதி எச்சரிக்கை" மறுபடி முளைத்திருந்தது. அந்தப் பட்டியலாக்கப் பெண்ணிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் இடத்தில் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்றார்கள், அச்செடுத்த தாள்களோடு போயிருக்கிறாராம்.