துள்ளும் மீட்பு நாய்க்குத் தோதான வீடு தேடுவது எப்படி?

தெருவிலிருந்து மீட்ட நாய் தேறிவிட்டது. புண் ஆறி, உடம்பில் சதை பிடித்து, இப்போது வீட்டை இரண்டாக்குகிறது. செருப்பைக் கடிக்கிறது, மதிலைத் தாண்டுகிறது, வாசலுக்கு வருகிறவர் தோள்மேல் ஏறுகிறது. முதன்முதலாக நாய் மீட்பவர்கள் இங்கேதான் திணறிப்போகிறார்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறார்கள். சில நாட்களில் நாய் திரும்பி வருகிறது. அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி தெருவுக்குப் போய்விடுகிறது. துடிப்பான நாய்க்கு இரக்கப்படுகிற ஆள் மட்டும் போதாது. அதன் ஓட்டத்துக்கு நேரமும் இடமும் ஒதுக்கும் வீடு வேண்டும். சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நாயின் குணத்தை எழுதி வையுங்கள்

மீட்ட புதிதில் நாய் சாதுவாகத்தான் இருக்கும். அது குணமல்ல, பயம். உடம்பு தேறி இடம் பழகிய பிறகுதான் உண்மையான சுபாவம் வெளியே வரும். குறைந்தது இரண்டு வாரமாவது கூட வைத்திருந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஆடு, கோழி, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது? பைக் சத்தம் கேட்டால் துரத்துகிறதா, ஒளிகிறதா? ஒரு மணி நேரம் தனியே விட்டால் கதவைப் பிறாண்டுகிறதா? சாப்பிடும்போது தட்டுக்கு அருகே யாராவது போனால் உறுமுகிறதா?

வால் ஆடுவதை மட்டும் பார்த்து நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வாலை விறைப்பாகத் தூக்கி மெல்ல அசைத்தால் அது எச்சரிக்கையாக இருக்கிறது என்று பொருள். குழந்தை கட்டி அணைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் "போதும், விடு" என்கிறது. அதன் பிறகும் விடாதபோதுதான் பெரும்பாலும் உறுமலும் கடியும் வருகின்றன.

நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூரிய முகம் என்றிருந்தால் அதன் உடம்பில் சிப்பிப்பாறை அல்லது கன்னி இன நாயின் ரத்தம் ஓடலாம். இவை இரையைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட கால்கள் பக்கத்து வீட்டுக் கோழியையும் துரத்தும். அடித்துத் திருத்துகிற விஷயமல்ல இது. கோழி இல்லாத வீடாகப் பார்ப்பதே வழி.

படி 2: ஊசியும் கருத்தடையும்

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். குடற்புழு மாத்திரை, உண்ணிக்கான மருந்து இரண்டையும் விட்டுவிடாதீர்கள். துள்ளிக்கொண்டிருந்த நாய் திடீரென்று சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆகியிருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆகவில்லை என்றால் முடித்த பிறகே கையை விட்டு அனுப்புங்கள். கருத்தடை செய்தால் துள்ளல் அடங்கிவிடும் என்பார்கள். ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களின் சண்டையும் குறையலாம். ஓட வேண்டும் என்ற ஆசை அப்படியேதான் இருக்கும்.

படி 3: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

வாட்ஸ்அப்பில் போடும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"சுமார் ஒன்றரை வயதுப் பெண் நாய். நாட்டு இனம், செம்பழுப்பு நிறம். கருத்தடை ஆயிற்று, தடுப்பூசிகள் போட்டாயிற்று. காலையும் மாலையும் நன்றாக ஓட வேண்டும். ஓடாத நாளில் செருப்பு மிஞ்சாது. நான்கடி மதிலைத் தாண்டும். பெரியவர்களிடம் மிகுந்த பாசம். கோழி, பூனை, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல."

இப்படி எழுதினால் யார் கேட்பார்கள் என்று தயங்க வேண்டாம். அழைப்புகள் குறையும், உண்மைதான். ஆனால் இதைப் படித்த பிறகும் அழைக்கிறவர்தான் நீங்கள் தேடும் ஆள். கம்பிக்குப் பின்னால் ஏக்கமாகப் பார்க்கும் படத்தை விட்டுவிட்டு, அது ஓடும் வீடியோவைப் போடுங்கள். பரிதாபப்பட்டு வருகிறவரைவிட அந்த ஓட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர் நிலைத்து நிற்பார்.

படி 4: போனில் கேளுங்கள், பிறகு நேரில் போய்ப் பாருங்கள்

"அண்ணா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? காலையில் யார் நடத்திக் கூட்டிப்போவார்கள்? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? அம்மாவுக்குச் சம்மதமா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். பல வீடுகளில் மகன் ஆசைப்படுகிறார், சோறு வைப்பது அம்மாவாக இருக்கிறார். ஆகவே அவரிடமும் பேசிவிடுங்கள். "கட்டித்தான் போடுவோம்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லி அடுத்த எண்ணுக்குப் போங்கள். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் துடிப்பான நாய் கடிக்கிற நாயாக மாறும்.

வீட்டைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. மதில் உயரம், கேட்டின் அடி இடைவெளி, மாடிக் கைப்பிடிச் சுவர், வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் அடுக்குமாடியில் இந்த நாய் வாழ முடியாதென்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் தினமும் ஓடப் போகிற ஒருவர் அங்கே இருந்தால் அது நல்ல வீடுதான். அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறி ஓடும் வீடென்றால் சத்தம் பழகுமா, நூலில் வாய் வைக்காமல் இருக்குமா என்று யோசியுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையோடு சேர்ந்த வீட்டில் ஆட்கள் வந்துபோவதால் கதவு அடிக்கடி திறக்கும். மதில் தாண்டும் நாய்க்கு அது ஆபத்து.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் உடனே மனம் குளிர்ந்துவிடும். பரந்த இடம், நல்ல காற்று. ஆனாலும் நான் தோட்ட வீட்டைத்தான் மிகக் கவனமாக விசாரிப்பேன். மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. குரைத்துக்கொண்டு எதிரே போகிற நாய் பிழைப்பது கடினம். காப்பிப் பழத்திலும் கொட்டையிலும் உள்ள காஃபின் நாய்க்கு நஞ்சு. அறுவடைக் காலத்தில் களத்தில் காயும் பழத்தை அது வாரித் தின்றுவிடலாம். மழைக்காலத்தில் அட்டையும் உண்ணியும் சேரும். தோட்டத்துக்குள் வேலியிட்ட பகுதி, இரவில் உள்ளே படுக்க இடம், அவசரத்துக்குச் சேலம் இறங்க வண்டி, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

படி 5: சந்திப்பும் பயணமும்

முதல் சந்திப்பைத் தெருவிலோ திறந்தவெளியிலோ வையுங்கள். அந்த வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரமும், ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களும் வீடு மாற்றுவதற்கு உகந்தவை அல்ல. வெடிச் சத்தத்தில் புது இடத்து நாய் ஓடிவிடும். ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதானால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் வாந்திதான். அது படுத்துப் பழகிய பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். கழுத்துப்பட்டையில் புதிய வீட்டின் எண்ணும் உங்கள் எண்ணும் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் காம்பவுண்டுக்குள்ளும் கயிற்றோடுதான் விட வேண்டும்.

படி 6: கொடுத்த பிறகு

நாய் பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் நேரம் காலம் புரியும், மூன்று மாதத்தில் அது தன் வீடாகும். துல்லியமான கணக்கில்லை, ஆனாலும் புதிய வீட்டாரிடம் இதைச் சொல்லி வைத்தால் பொறுமை கூடும். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

திருப்பிக் கொடுக்க வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தெருவில் விடாமல் உங்களிடம் கொண்டுவந்தார்களே. உட்காரவைத்து, எந்த நேரத்தில், யார் இருக்கும்போது, என்ன நடந்தது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை அறிவிப்பில் இன்னொரு வரியாகச் சேர்த்து, நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.