தடிமனைப் பார்த்து பாஷ் பிளேட் வாங்காதீர்கள்

ஆஃப்ரோடுக்குப் புதிதாக வருகிறவர்கள் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் முதலில் குனிந்து அடிவயிற்றைத்தான், கல்லடியிலிருந்து எஞ்சினைக் காக்க அங்கே மாட்டுகிற பாஷ் பிளேட் தகட்டைத்தான் பார்ப்பேன். பாதிப்பேர் வண்டியில், நாங்கள் அந்தக் காலத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த அதே அபத்தம் இன்னும் தொங்குகிறது. இப்போது பவுடர் கோட்டிங் மட்டும் பளபளக்கிறது. போல்ட்டை இறுக்க மறப்பது, வேறு மாடல் பிளேட்டை வாங்கி வருவது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும். மற்ற தவறுகள் இவை.

எதில் தொங்குகிறது என்று பார்க்காமல் வாங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கடையில் முதல் கேள்வியே "எத்தனை எம்.எம்.?" 3 என்றால் முகம் சுருங்கும், 5 என்றால் மலரும். தகடு எந்த இடத்தில் போல்ட் ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு காய்ந்த ஓடை. கூட வந்த தம்பி ஒருவர், பட்டறையில் சொல்லிச் செய்த 5 மி.மீ. அலுமினியத் தகடு போட்டிருந்தார். பாறை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டங்' என்று ஒரே சத்தம். குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பிளேட்டுக்கு ஒண்ணுமே ஆகல, பாருங்க" என்றார். உண்மைதான், பிளேட்டில் ஒரு கீறல்தான். ஆனால் அதன் பின்விளிம்பில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கழற்றினால், எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட சின்னக் காது, 6 மி.மீ. போல்ட் ஏறுகிற இடம், அடியோடு பிளந்து கிடந்தது. லேசான மூடியைத் தாங்கத்தான் கம்பெனி அந்தக் காதை வைத்தது. பட்டறைக்காரர் அதில் வண்டி, ஆள் இரண்டு பாரத்தையும் ஏற்றிவிட்டார்.

மெல்லிய தகடாக இருந்திருந்தால் வளைந்து, விழுந்த அடியில் கொஞ்சத்தை அதுவே வாங்கியிருக்கும். தடித்தது வளையவில்லை. பட்ட அடியை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பிவிட்டது. வார்ப்பு அலுமினியத்துக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, விரிசல்தான் விடும். ஆயில் ஊறிய வார்ப்பில் ஆர்கான் வெல்டிங் நிற்பது அவரவர் அதிர்ஷ்டம். மாற்றுவதென்றால் எஞ்சினை இறக்கி, முழுக்கப் பிரித்து, கிராங்க்கேஸ் இரண்டு பாதியையும் ஜோடியாக வாங்க வேண்டும். பிளேட் வாங்கிய காசு அதில் எந்த மூலைக்கு?

ஹிமாலயன் 411 மாதிரி எஞ்சினுக்கு அடியில் ஃபிரேம் குழாய் ஓடுகிற வண்டியா, பிளேட்டை அந்தக் குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கவேண்டும். கேடிஎம் 390 அட்வெஞ்சரின், குழாய்களைப் பின்னிச் செய்த டிரெல்லிஸ் ஃபிரேமில் எஞ்சினே ஃபிரேமின் பாகம், அடியில் குழாய் கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு, எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கிற பெரிய மவுண்டிங் போல்ட்டிலிருந்து பிராக்கெட் எடுத்து, நடுவில் ரப்பர் புஷ் வைத்த பிளேட்டாகத் தேடுங்கள். சின்னக் காதுகளை மட்டும் நம்பியிருந்தால், எத்தனை மி.மீ. ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது இடைவெளி. எஞ்சின் ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே விரல் தாராளமாக நுழையவேண்டும், என் கணக்கில் 15 மி.மீ. பிளேட்டின் நடுவில் ஜாக்கி கொடுத்து வண்டியை மெல்லத் தூக்கிவிட்டு மறுபடி விரலை விட்டுப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே இடைவெளி பாதியானால், குதித்து இறங்கும்போது தகடு நேராக ட்ரெயின் போல்ட்டில் போய் மோதும். அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. சாதாரண எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் கிரவுண்ட் கிளியரன்ஸே, அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளியே, 220 மி.மீ.தான்; தொங்குகிற ஒவ்வொரு மி.மீ.யும் அதிலிருந்துதான் போகும்.

இரும்பே பலம் என்பது

40க்கு 50 செ.மீ. தகடு என்று வையுங்கள். 3 மி.மீ. இரும்பு சுமார் 4.7 கிலோ, 4 மி.மீ. அலுமினியம் 2.2 கிலோ. வண்டி சாயும்போது தூக்கப்போவது நீங்கள்தான்.

பிளாஸ்டிக்கை மட்டமாக நினைப்பது

பாறையில் வழுக்கிக்கொண்டு போக அதை மிஞ்ச ஆளில்லை, சத்தமும் குறைவு. ஒரே பிரச்சினை, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற சூடான பெண்ட் பைப். பிளேட் செய்கிற ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் 130 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். பைப் எஞ்சினுக்கு அடியில் போகிற வண்டிக்கு வேண்டாம்.

கிராஷ் கார்டு இருக்கிறதே என்பது

அது பக்கவாட்டுக்கு.

போல்ட் தலை

தகட்டுக்கு வெளியே துருத்தினால் கல் அதைத் தேய்த்து மொட்டையாக்கிவிடும். அப்புறம் ஆயில் மாற்ற பிளேட்டைக் கழற்றக்கூட ஸ்பேனர் பிடிக்காது. தலை பள்ளத்துக்குள் உட்காரவேண்டும்.

கழுவாமல் விடுவது

சேறும் காய்ந்த புல்லும் உள்ளே அடைந்துகொள்ளும். எஞ்சின் சூடு இறங்காது. பெண்ட் பைப்பில் புல் பட்டால் புகையும்.

சத்தத்துக்குப் பயப்படுவது

அலுமினியம் எஞ்சின் சத்தத்தை எதிரொலிக்கும். எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் செயின் போய்விட்டதென்று மெக்கானிக்கிடம் ஓடுவதற்கு முன் பிளேட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.