ஃபெடரல் வழக்கில் கைதா? முதல் பேட்டியில் செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் ஃபெடரல் வழக்கில், அதாவது மத்திய அரசு தொடரும் வழக்கில், ஒருவர் கைதானால், பெரும்பாலும் நீதிபதியைப் பார்ப்பதற்கு முன்பே ப்ரீட்ரையல் சர்வீசஸ் (விசாரணைக்கு முந்தைய சேவைப் பிரிவு) அதிகாரி வந்து பேசுவார். அவர் நீதிமன்றத்தின் ஊழியர். போலீசும் அல்ல, நம் வக்கீலும் அல்ல. 1982ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பணியை நாடு முழுவதற்கும் விரித்தது. வீடு, வேலை, குடும்பம், உடல்நிலை, வருமானம், பழைய வழக்கு என்று விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பார். வெளியே விட்டால் இவர் கோர்ட்டுக்குத் திரும்பி வருவாரா, யாருக்காவது ஆபத்து வருமா என்று நீதிபதி எடைபோட அந்த அறிக்கைதான் உதவுகிறது.

பதற்றத்தில் பலர் அவரிடமே வழக்கின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். அந்தப் பேட்டியில் சொன்னதைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதிதான். ஆனால் அறிக்கை அரசு வக்கீல் கைக்கும் போகும். வக்கீலிடம் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அதைவிடக் கெடுதல், மறைப்பது. ஊரில் இருக்கும் நிலத்தையோ இன்னொரு பாஸ்போர்ட்டையோ சொல்லாமல் விட்டு, அது பின்னால் தெரியவந்தால் மற்ற பதில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதிகாரி வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சரிபார்ப்பார். கைதானவர் ‘ஆறு வருஷமா இதே வீடு’ என்று சொல்லியிருக்க, ஃபோனை எடுத்த மனைவி ‘போன வருஷம்தான் வந்தோம்’ என்றால் என்ன ஆகும்? அதற்கும் முன்னால், யாருடைய நம்பராவது நினைவில் இருக்க வேண்டும். செல்ஃபோன் அப்போது நம் கையில் இருக்காது. இரண்டு நம்பர்களை இன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டால் சும்மா தலையாட்டாதீர்கள். நம் தலையாட்டல் ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்பதும் தவறான எண்ணம். கட்டவே முடியாத தொகையை விதித்து ஒருவரை உள்ளேயே வைப்பதை 1984ஆம் ஆண்டு ஜாமீன் சட்டம் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, காலில் ஜிபிஎஸ் பட்டை, உறவினர் ஒருவரின் பொறுப்பில் விடுவது போன்ற நிபந்தனைகளே அதிகம். அந்த உறவினர் பாசத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. தம்பி நிபந்தனையை மீறினால் அண்ணனே கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். முடியுமா என்று முதலில் யோசிக்கட்டும்.

அதிகாரியின் பரிந்துரையே தீர்ப்பு என்று நினைத்துச் சோர்ந்துவிடவும் வேண்டாம். முடிவு நீதிபதியுடையது. காவலிலேயே வைக்க வேண்டும் என்று அரசு வக்கீல் கோரினால், நம் வக்கீல் பொதுவாக 5 நாள் வரை அவகாசம் கேட்கலாம். சனி, ஞாயிறு இதில் சேராது. வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம் எல்லாம் சேர்க்க அந்த நாட்கள் போதும்.

வெளியே வந்த பிறகு, பக்கத்து மாநிலத்துக் கல்யாணம்தானே என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. நிபந்தனையில் பயணத் தடை இருந்தால், முதலில் அனுமதி, அப்புறம்தான் டிக்கெட்.